கைபேசியில் வரும் பணம்: எந்தப் பயம் நியாயம், எந்தப் பயம் வீண்?

கமிஷன் மண்டியில் தக்காளிக்குச் சிட்டை போட்டு முடிந்ததும், கணக்குப்பிள்ளை “நம்பரைச் சொல்லுங்க, போன்லயே போட்டுடறேன்” என்கிறார். “வேண்டாங்க, ரொக்கமாவே குடுத்துடுங்க” என்பதுதான் இன்றும் பல விவசாயிகளிடமிருந்து வரும் பதில். அதே விவசாயி காலையில் மழை நிலவரத்தைக் கைபேசியில்தான் பார்த்திருப்பார். பயிரில் விழுந்த நோயைப் படம் பிடித்து வேளாண் அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். ஆகவே, கைபேசி தெரியாததால் வரும் தயக்கம் அல்ல இது. “பணம் போய்விட்டால் யாரைப் போய்க் கேட்பது?” என்ற கேள்வியால் வரும் தயக்கம்.

யுபிஐ எனப்படும் பணப் பரிமாற்ற முறையை இந்திய தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2016-ல் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் நடந்த யுபிஐ பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. டீக்கடை முதல் பூக்கடை வரை கியூஆர் அட்டை தொங்குகிறது. அப்படியிருந்தும் உழவர் சந்தையிலும், ஆட்டுச் சந்தையிலும், மண்டியிலும் ரொக்கத்தை விட மனமில்லாதவர்கள் ஏராளம். அவர்களை “விவரம் தெரியாதவர்கள்” என்று ஒதுக்குவது தவறு.

ஒரு பொருளையோ சேவையையோ ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, மனிதர்கள் உண்மையில் இருக்கும் ஆபத்தை அளந்து பார்ப்பதில்லை. தங்கள் மனதுக்குப் படுகிற ஆபத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள் என்று அமெரிக்கப் பேராசிரியர் ரேமண்ட் பாவர் 1960-ல் எடுத்துக் காட்டினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த ஆபத்தை வகை பிரித்தார்கள். பணம் போகும் என்ற பயம், வேலை செய்யாமல் காலை வாரும் என்ற பயம், நேரம் வீணாகும் என்ற பயம், நாலு பேர் முன்னால் அவமானப்படுவோம் என்ற பயம், நம் விவரம் பிறர் கைக்குப் போகும் என்ற பயம் என்று பல வகை. கிராமத்தில் கேட்டால் இந்த எல்லாப் பயமும் ஒன்றாகக் கலந்து, “அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுங்க” என்ற ஒரே வாக்கியமாக வரும். அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தப் பயம் நியாயம், எது வீண் என்று தெரியும்.

சம்பளக்காரரும் சம்சாரியும் ஒன்றல்ல

மாதச் சம்பளக்காரர் 50,000 ரூபாயை ஏமாந்தால் அது பெரிய இழப்புதான். ஆனால், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மறுபடி சம்பளம் வரும். சம்பா அறுத்த விவசாயிக்கோ, மஞ்சள் விற்ற விவசாயிக்கோ அந்த 50,000 என்பது ஒரு போகத்தின் உழைப்பு. அதிலிருந்து உரக்கடை பாக்கி, டிராக்டர் வாடகை, அறுப்புக் கூலி, நகைக்கடன் வட்டி எல்லாம் போக வேண்டும். அடுத்த வரவு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான். ஆகவே, அதே தொகைக்கு அவர் கூடுதலாகப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. “இதில் ஆபத்தே இல்லை” என்று அவரிடம் சொல்வது பொய். எங்கே ஆபத்து, எங்கே இல்லை, நடந்துவிட்டால் என்ன வழி என்று சொல்வதுதான் பயன்படும்.

நடுவழியில் பணம் நின்றுவிட்டால்?

உரக்கடையில் பணம் அனுப்புகிறோம். நம் கணக்கில் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. கடைக்காரரோ “எனக்கு வரலை” என்கிறார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு முறை இப்படி நடந்தாலே பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். கடைக்காரரின் வணிகக் கணக்குக்கு அனுப்பியது என்றால் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் ஈடு தர வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தாலும் இதே 5 நாள், இதே 100 ரூபாய்தான்.

எனவே நடுவழியில் நின்ற பணம் தொலைந்த பணம் அல்ல. அவசரப்பட்டு இரண்டாவது முறை அனுப்பாமல், பரிவர்த்தனை எண் தெரியும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

தவறான எண்ணுக்கு அனுப்புவது வேறு கதை. அந்தப் பணம் தானாகத் திரும்பாது. வங்கியில் புகார் கொடுத்து, பெற்றவர் சம்மதித்தால்தான் எளிதில் மீளும். அதனால்தான் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்கிறோம்.

யாராவது எடுத்துவிட்டால்?

எல்லோருக்கும் உள்ள பெரிய பயம் இதுதான். இதில் ஒரு விதியை மனதில் பதித்துக்கொண்டால் பாதி ஏமாற்று வேலைகள் பலிக்காது: பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ரகசிய எண்ணைப் போட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்று பொருள்.

மாடு, ஆடு, பழைய டிராக்டர் ஆகியவற்றை இணையத்தில் விற்க விளம்பரம் கொடுப்பவர்களை ஏமாற்றுவோர் இதில்தான் சிக்க வைக்கிறார்கள். “முன்பணம் அனுப்பியிருக்கேன், ரகசிய எண்ணைப் போட்டு வாங்கிக்குங்க” என்பார்கள். ரகசிய எண்ணைப் போட்டதும் பணம் போய்விடும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இப்படிப் பணக் கோரிக்கை அனுப்பும் வசதியே 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் கியூஆர் படத்தை அனுப்பி “இதை ஸ்கேன் பண்ணினால் பணம் வரும்” என்று சொல்லும் தந்திரம் தொடர்கிறது. ஸ்கேன் செய்வது பணம் கொடுப்பதற்கு மட்டுமே.

நம் தவறே இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் குறைபாட்டால் போனால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு 5,000 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை மட்டுமே நம் தலையில் விழும். கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே போன்ற விதியை ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரில் கொண்டுவந்தது.

ரகசிய எண்ணையோ ஓடிபியையோ நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போன தொகை நம் இழப்பு. புகார் செய்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. இரண்டு வகையிலும் காலம்தான் முக்கியம். வெட்கப்பட்டு நான்கு நாள் மறைத்து வைப்பதுதான் பெரிய நஷ்டத்தை உண்டாக்குகிறது.

வரி போடுவார்களோ, கடனுக்குப் பிடிப்பார்களோ?

“கணக்குல பணம் வந்தா வருமான வரிக்காரன் வருவான்” என்பது ஊர்தோறும் கேட்கும் பேச்சு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது இந்தப் பயத்தை இன்னும் வளர்த்தது. யுபிஐ மூலம் வந்த தொகையைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை என்று சிறு வியாபாரிகளுக்கு அந்த மாநில வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் போன்ற வரியில்லாப் பொருள் விற்பவர்களுக்கும் நோட்டீஸ் போனது. பெங்களூரில் பல கடைகளில் கியூஆர் அட்டைகள் கழற்றப்பட்டு “ரொக்கம் மட்டும்” என்ற அட்டைகள் தொங்கின. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு இறங்கி வந்தது. பல ஆண்டுகள் கட்டி வளர்த்த நம்பிக்கை சில நாட்களில் எப்படிச் சரியும் என்பதற்கு இது நல்ல பாடம்.

விவசாயியைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி அதற்காக ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை. பணம் ரொக்கமாக வந்தாலும் கைபேசியில் வந்தாலும் இது மாறாது. ஆனால், மற்றவர்களின் விளைபொருளை வாங்கி விற்பவர், வாடகைக்கு டிராக்டர் ஓட்டுபவர் ஆகியோரின் கணக்கு வேறு. அவர்கள் விளைச்சல் வரவையும் வியாபார வரவையும் தனித்தனிக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

கடன் பிடித்தம் பற்றிய பயத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு வங்கியில் தவணை தவறிய கடன் இருந்தால், அதே வங்கிக் கணக்கில் வரும் தொகையை வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால், இது கைபேசியால் வரும் வினை அல்ல. காசோலை போட்டாலும் இதுதான் நடக்கும். அறுவடைக்கு முன்பே கிளை மேலாளரைப் பார்த்துத் தவணை பற்றிப் பேசி வைப்பதே வழி.

கணக்கை முடக்கிவிட்டால்?

பலரும் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. மோசடிப் பணம் பல கைகள் மாறி, அதில் ஒருவர் நம்மிடம் காய்கறி வாங்கிப் பணம் அனுப்பியிருந்தால், காவல் துறை விசாரணைக்காக நம் கணக்கும் முடக்கப்படலாம். 500 ரூபாய்க்காக முழுக் கணக்கும் நின்றுபோன சம்பவங்கள் நடந்துள்ளன. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டுமே நிறுத்தி வைக்க வேண்டும், முழுக் கணக்கையும் அல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் கூறியது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் முழுக் கணக்கை முடக்குவது சரியல்ல என்றது. இப்படி நேர்ந்தால் எந்தப் பரிவர்த்தனைக்காக, எந்தக் காவல் நிலையம் கேட்டது என்ற விவரத்தை வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விற்பனைச் சிட்டை கையில் இருந்தால் விளக்கம் சொல்வது எளிது.

ரொக்கம் மட்டும் பாதுகாப்பா?

கைபேசியின் ஆபத்தைப் பேசும்போது ரொக்கத்தின் ஆபத்து மறந்துபோகிறது. அது பழகிப்போன ஆபத்து என்பதே காரணம். பேருந்தில் மடியில் கட்டிக்கொண்டு வரும் பணம், கட்டுக்குள் செருகிய கள்ளநோட்டு, “மிச்சத்தை அடுத்த வாரம் வாங்கிக்குங்க” என்று எழுத்தில்லாமல் நிற்கும் பாக்கி ஆகிய மூன்றுக்கும் புகார் எண் கிடையாது. வியாபாரி கைவிரித்தால் காட்டுவதற்குச் சாட்சியும் கிடையாது. வங்கி வழியே வந்த பணத்துக்கு நாள், நேரம், தொகை எல்லாம் பதிவாகிறது. பயிர்க்கடன் கேட்கும்போது அந்தப் பதிவே வரவுக்குச் சாட்சி.

சட்டத்திலும் ஓர் எல்லை உண்டு. ஒரே நாளில் ஒருவரிடமிருந்தோ, ஒரே விற்பனைக்காகவோ 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறக் கூடாது. மீறினால் பெற்ற தொகைக்கு இணையாக அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. விவசாயிக்கும் இது பொருந்தும். ஒரு லாரி மஞ்சளோ பருத்தியோ விற்றால் இந்தத் தொகையை எளிதில் தொட்டுவிடும். அத்தகைய பெரிய தொகைக்கு யுபிஐ-யும் ஏற்றதல்ல. அதில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய்தான் வரம்பு. வியாபாரியின் வங்கியிலிருந்து நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் முறையில் வாங்கிக்கொள்ளலாம். இவ்விரண்டும் இப்போது எல்லா நாளும், எல்லா நேரமும் இயங்குகின்றன.

உண்மையில் பயப்பட வேண்டிய இடங்கள்

வரக்கூடாத இடத்தில் பயம் இருப்பது போல, வர வேண்டிய இடத்தில் பயம் இல்லாததும் ஆபத்து. “பிஎம் கிசான் தவணை நின்றுவிட்டது, இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு அத்தகையது. தெரிந்த பெயர், அரசு முத்திரை, ஊர் குழுவில் வந்தது என்பதால் பலர் யோசிக்காமல் தொடுகிறார்கள். அதைப் பதிவிறக்கினால், கைபேசிக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்திகள் மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். அரசுத் திட்டம் எதற்கும் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பை ஏற்ற வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் வேளாண் விரிவாக்க மையத்திலோ பொது சேவை மையத்திலோ கேட்கலாம்.

ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் அடுத்த ஆபத்து. இதற்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2-ல் விதிமுறை வகுத்தது. கடன் தொகை நேராக நம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வட்டி, கட்டணம் அனைத்தையும் சொல்லும் விவரத்தாள் முன்கூட்டியே தரப்பட வேண்டும். நம் கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்க அனுமதி கேட்கக் கூடாது. இவற்றில் ஒன்றை மீறினாலும் அந்தச் செயலியைத் தொடக் கூடாது.

கைரேகையிலும் கவனம் வேண்டும். உரக்கடையில் விற்பனைக் கருவியில் வைக்கும் கைரேகை, உரம் யாருக்கு விற்றது என்று பதிய மட்டுமே. அதில் வங்கிப் பணம் போகாது. ஆனால், வங்கி முகவரின் கருவியில் வைக்கும் கைரேகை பணத்தை எடுக்கக்கூடியது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை சரியாகப் பதியாமல் போவது உண்டு. “பதியலை, மறுபடி வைங்க” என்று முகவர் சொன்னால், முதல் முயற்சிக்கு ரசீது வந்ததா, கணக்கில் கழிந்ததா என்று பார்த்த பிறகே மறுபடி வைக்க வேண்டும்.

வங்கியில் கொடுத்த கைபேசி எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் தவறு. அந்த எண் வேறொருவருக்குப் போய்விடலாம். எண் மாறினால் முதல் வேலையாக வங்கியில் சொல்ல வேண்டும்.

பயத்தோடு தொடங்கும் முறை

பயம் முழுவதும் போன பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. இழப்புக்கு ஓர் எல்லை கட்டிவிட்டுத் தொடங்கலாம்.

• விளைச்சல் பணம் வரும் பெரிய கணக்கைக் கைபேசிச் செயலியில் இணைக்க வேண்டாம். தனியாக ஓர் அடிப்படைச் சேமிப்புக் கணக்குத் தொடங்கி, அதில் 2,000 அல்லது 3,000 ரூபாய் மட்டும் வைத்து அதை இணைக்கலாம். என்ன நடந்தாலும் இழப்பு அதற்கு மேல் போகாது.

• முதலில் பணம் பெறுவதற்கு மட்டும் பயன்படுத்தலாம். வாங்குபவர் காட்டும் திரைப்படத்தை நம்பாமல், நம் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே சரக்கை விட வேண்டும். போலித் திரை காட்டும் செயலிகள் உலவுகின்றன. சந்தையில் கடை போடுபவர்களுக்கு ஒலிபெருக்கிப் பெட்டி உதவும்.

• புதிதாகப் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அது கோளாறு அல்ல, பாதுகாப்பு.

• பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. 2022 மார்ச் 8-ல் தொடங்கிய யுபிஐ 123பே முறையில் இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம்.

• பணம் போனது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். கையோடு வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். வங்கி 30 நாட்களில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

புது ரக விதையை ஊருக்குள் கொண்டுபோகும்போது முழு நிலத்திலும் போடச் சொல்வதில்லை. பத்து சென்ட் செயல்விளக்கத் திடல் போட்டுக் காட்டுகிறோம். பண விஷயத்திலும் அதுவே சரி. கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, இரண்டு விவசாயிகளை எதிரெதிரே உட்கார வைத்து 1 ரூபாயை அனுப்பிப் பெறச் செய்வது பலன் தரும். தவறான ரகசிய எண்ணைப் போட்டால் என்ன ஆகும், சிக்னல் போனால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே செய்து பார்க்க விட வேண்டும். தோல்வியைப் பத்திரமான இடத்தில் ஒரு முறை பார்த்தவர், உரக்கடை வரிசையில் பதற மாட்டார்.

பெண்களுக்குத் தனியாகக் கற்றுத்தருவது அவசியம். பல வீடுகளில் கணக்கு அம்மாவின் பெயரில், கைபேசி மகன் கையில், ரகசிய எண் பேரனுக்குத் தெரியும் என்று இருக்கிறது. நம்பிக்கை இருக்கும் வரை சிக்கல் இல்லை. ஆனால், தன் பணத்தைப் பார்க்க இன்னொருவரைக் கேட்க வேண்டிய நிலையே ஓர் ஆபத்துதான். சுய உதவிக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் இருப்பைத் தானே பார்க்கப் பழகினால் அதுவே நல்ல தொடக்கம்.

ஊரில் ஒருவர் ஏமாந்திருந்தால் அதை மறைக்காமல், பெயர் சொல்லாமல், எந்த இடத்தில் தவறு நடந்தது என்று விளக்க வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் “போன்ல பணம் போட்டா போயிடும்” என்ற ஒற்றை வரியாக அது ஊர் முழுக்கப் பரவும். வங்கிகளும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். புகார் கொடுக்க வரும் விவசாயியை “நீங்க ஏன் சொன்னீங்க?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும், அந்த ஊரில் பத்துப் பேர் ரொக்கத்துக்குத் திரும்புகிறார்கள்.

பூச்சியைப் பார்த்ததும் வயலையே விட்டுவிடுவதில்லை. எது நன்மை செய்யும் பூச்சி, எது தீமை செய்யும் பூச்சி என்று பிரித்தறிந்த பிறகே மருந்தைக் கையில் எடுக்கிறோம். பண விஷயத்திலும் அந்தப் பகுத்தறியும் பழக்கம்தான் தேவை. அடுத்த அறுவடைக்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் மூன்று: சிறு தொகைக்கு ஒரு தனிக் கணக்கு, வங்கியில் சரியான கைபேசி எண், வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் 1930.